உபரி நீரும் ஓவர் பேச்சும்

"சூப்பர் என்றாலும் மேலே, ஓவர் என்றாலும் மேலே. அப்புறம் ஏன் ஒன்று பாராட்டு, இன்னொன்று திட்டு?" பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டு எழுதியிருந்தார். 'சூப்பரா பாடினே' என்றால் முகம் மலர்கிறது, 'ஓவரா பாடினே' என்றால் சுருங்கிவிடுகிறது. இவ்வளவு கூர்மையாகக் கேட்டவருக்கு முழுப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு செய்தி: சூப்பரும் ஓவரும் ஒரே சொல். ஹைப்பர் டென்ஷனில் வரும் ஹைப்பரும் அதே சொல்தான். ஊபர் டாக்ஸிக்குப் பெயர் தந்த ஜெர்மன் 'ஊபெர்', மேட்டூர் அணை நிரம்பும்போது செய்தியில் வரும் 'உபரி நீர்', எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள். உபரி நமக்கு வடமொழியிலிருந்து வந்தது. அங்கே 'மேலே' என்று பொருள்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'உபெர்' போல ஒரு சொல் இருந்திருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். அதன் ப, 'பல்' என்பதில் வருகிற அழுத்தமான ப. சமஸ்கிருதத்தில் அது 'உபரி' ஆனது. கிரேக்கத்தில் சொல் முதலில் வரும் உகரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு 'ஹ' சேரும். அப்படித்தான் ஹைப்பர் பிறந்தது. லத்தீனில் 'ஸ' ஒட்டிக்கொண்டு சூப்பர் ஆயிற்று. சரி, ஆங்கிலத்தில் மட்டும் ப எப்படி 'வ' ஆனது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆங்கிலமும் ஜெர்மனும் பிறந்த கிளையில் பழைய ப பெரும்பாலும் ஃப ஆகிவிட்டது. பாதம் அங்கே ஃபுட், பஞ்ச அங்கே ஃபைவ், பிதா அங்கே ஃபாதர். 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் இதை விதியாக எழுதிவைத்தார். அந்த விதிப்படி ஜெர்மனில் 'ஊஃபெர்' என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் இருப்பது ஊபெர்; 'தம்பி'யில் வருகிற மெல்லிய ப. ஏன் இப்படி மாறியது?

தொண்டையில் இரண்டு விரலை வைத்து 'ஃப்ப்ப்' என்று ஊதிப் பாருங்கள். அதிர்வு இருக்காது. அதே உதடு, பல் நிலையில் ஆங்கில 'வ்வ்வ்' சொல்லுங்கள். விரலுக்கடியில் தேனீ போல ரீங்காரம் கேட்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த அதிர்வு மட்டுமே. சில சொற்களில் ஃப-வுக்கு அதிர்வு ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. எதில் ஏறும் என்று கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். அவர் கட்டுரை 1877இல் வெளியானது. அவருக்கு விடை கிடைத்தது வேதத்தில்.

வேதம் ஓதும்போது குரல் ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். மூலமொழிச் சொற்களில் எந்த அசையில் ஏற்றம் இருந்தது என்பது அதில் பத்திரமாக இருக்கிறது. ஏற்றம் அந்த மெய்க்கு முந்திய அசையில் இருந்தால் அதிர்வு ஏறவில்லை. வேறெங்கு இருந்தாலும் ஏறியது; சொல்லின் முதலில் நிற்கும் மெய் மட்டும் விதிவிலக்கு, அதனால்தான் ஃபுட்டும் ஃபாதரும் ஃப-வாகவே நின்றன. 'உபரி'யில் ஏற்றம் ப-வின் மேல். முந்திய உகரத்தில் இல்லை. ஆகவே ஃப அதிர்ந்து, ஜெர்மனில் ஊபெர், ஆங்கிலத்தில் ஓவர். ஜெர்மானிய மொழிகளில் அந்தக் குரலேற்றம் பின்னால் முதல் அசைக்கு நகர்ந்துவிட்டது. காரணம் அழிந்து தடம் மட்டும் மிஞ்சியிருந்தது; காரணத்தை நம் பக்கத்து வேதம் ஓதும் மரபு வாய்வழியே காப்பாற்றி வைத்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உபரி என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'பல்'லில் வரும் ப வருகிறதா? இல்லை, 'தம்பி' ப-தான் வருகிறது. இரண்டு உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினத்தைத் தமிழ் நாக்கு தானாக அதிர வைத்துவிடும். அங்கே குரலேற்றம் செய்த வேலையை இங்கே இடம் செய்கிறது. காரணம் வேறு, ஆனால் ஜெர்மானியர் வாயும் நம் வாயும் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இங்கே ஒரு கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 'ஒன்று, ஒன், பார்த்தீர்களா, தமிழிலிருந்து போனது' என்று படம் போட்டுப் பரப்புகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. இன்று நாம் கேட்கும் 'வன்' உச்சரிப்பு பல நூற்றாண்டு கழித்து வந்தது. ஒலி ஒத்துப்போவது சான்று ஆகாது. ஒலி ஒழுங்காக மாறுவதுதான் சான்று. ஓவரும் உபரியும் காதுக்கு ஒத்துப்போகவே இல்லை, ஆனாலும் உறவு. தமிழுக்கு இந்த வேலையைச் செய்ய பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பைத்தான் இன்னும் புரட்டுகிறோம். விழா மேடைக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போனால் நான் மனதாரச் சந்தோஷப்படுவேன்.

சரி, மாணவியின் கேள்விக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் 'ஒவெர்' என்பது மேலே, மிகுதி இரண்டையும் குறித்தது. எழுதியது எஃப், படித்தது வ. நம் ப போல ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. 'ஒவெரேட்' என்றால் அளவு மீறிய தீனி. 'ஒவெர்மோட்' என்றால் மிஞ்சிய மனம். 991இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் மால்டன் என்ற ஊரருகே, கடல்வழி கொள்ளையிட வந்த வைக்கிங்குகள் ஒரு தீவில் நின்றிருந்தார்கள். கரைக்கு வர ஒடுங்கிய பாதை ஒன்றே. அவர்களைக் கடந்து வரவிட்டார் ஆங்கிலப் படைத் தலைவர் பிர்ஹ்ட்நோத், போரில் மாண்டார். அந்தப் போரைப் பாடிய கவிஞர் சொன்ன காரணம் 'ஒவெர்மோட்'. அது செருக்கா, அளவு கடந்த வீரமா என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள்.

பதவிக்கு அந்தக் கால ஆங்கிலேயர் ஓவரை விட்டு வேறு சொற்களை எடுத்தார்கள். பிர்ஹ்ட்நோத்தின் பட்டமான 'ஆல்டர்மேன்' வெறும் 'மூத்தவர்' என்பதிலிருந்து வந்தது. 'லார்ட்' என்பது 'ரொட்டியைக் காப்பவர்' என்பதன் தேய்வு. அன்றைய ஆங்கில அரசுகளில் ஒன்றான வெஸ்ஸெக்ஸின் சட்டத்தில் உயர்குடி ஒருவரைக் கொன்றால் இழப்பீடு 1200 ஷில்லிங், சாதாரணக் குடியானவருக்கு 200. அதனால் உயர்குடிக்குப் பெயரே 'பன்னிரண்டு நூற்றுக்காரர்'.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நார்மானியர் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு. மடத்திலும் பள்ளியிலும் லத்தீன். மேன்மைக்கான சொற்கள் அந்த வழியில் வந்து குவிந்தன: சுப்பீரியர், சுப்ரீம், அரசரைக் குறிக்கும் சாவரின். மூன்றின் வயிற்றிலும் சூப்பர் இருக்கிறது. பழைய ஓவருக்கு மிஞ்சியது கூரைக்கு மேலே, பாலத்துக்கு மேலே, அளவுக்கு மேலே. பாராட்டு சூப்பருக்கும் திட்டு ஓவருக்கும் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

பொதுப்பணித் துறையில் ஓவர்சியர் என்பார்கள், ஆலையில் சூப்பர்வைசர் என்பார்கள். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்: முன்பாதி 'மேலே', பின்பாதி 'பார்ப்பவர்'.