நாலு பக்கம் அளந்தால் போதுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அரை கிரவுண்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் 20-க்கு 60, ஆக 1200 சதுர அடி. டேப் பிடித்தால் நாலு பக்கமும் பிசகாமல் அதே அளவுதான். ஆனாலும் அங்கே 1200 சதுர அடி இல்லை.

தீப்பெட்டியின் மேலுறையை லேசாகச் சாய்த்து அமுக்கிப் பாருங்கள். பக்கங்களின் நீளம் மாறாது, நடுவிலுள்ள இடம் மட்டும் சுருங்கும். சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் பழைய தெருக்களில் இப்படிச் சாய்ந்த மனைகள் அபூர்வமில்லை. அதனால் அளவெடுப்பவர் குறுக்காக, மூலைக்கு மூலையும் டேப் பிடிப்பார். சரியான செவ்வகமென்றால் 63 அடி 3 அங்குலம் வரவேண்டும். நம் மனையில் 66 அடி வருகிறது.

இனி ஆட்டோகேட், அதாவது கணினியில் வரைபடம் போடும் மென்பொருள். தெருப்பக்கம் 20 அடிக்கு ஒரு கோடு. அதன் ஒரு முனையிலிருந்து 60 அடி ஆரத்தில் ஒரு வட்டம், மறுமுனையிலிருந்து 66 அடியில் இன்னொன்று. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பின்மூலை. (இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் பக்கம் விழும், அதை விட்டுவிடலாம்.) கொத்தனார் ஆணியும் நூலும் வைத்துத் தரையில் போடும் கணக்கும் இதேதான். நூல் தொய்யும், இது தொய்யாது. ஏனென்றால் கணினிக்கு வட்டம் என்பது படமே இல்லை: மையத்துக்கு இரண்டு எண், ஆரத்துக்கு ஓர் எண். இரு சமன்பாடுகளைத் தீர்த்து மூலையையும் எண்ணாகவே கண்டுபிடிக்கிறது. திரையில் நாம் பார்ப்பது அந்த எண்களிலிருந்து அவ்வப்போது வரைந்து காட்டப்படுவது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறடிக்காத ரகசியம் இதுதான். பரப்பைக் கேட்டால் 1186.7 என்கிறது. ஒரு சின்னக் கழிவறைக்கான இடம் காணோம்!

ஆட்டோகேட் வந்தது 1982-இல். ஆனால் 1963-லேயே அமெரிக்காவின் எம்ஐடியில் இவான் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' என்ற வரையும் நிரலைச் செய்துவிட்டார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு போட்டு, "இவை இரண்டும் இணையாக இருக்கட்டும்" என்று கட்டளையிட்டால், கணினியே அவற்றை நகர்த்திச் சரிசெய்யும். இன்றைய ரெவிட் போன்ற கட்டட வடிவமைப்பு மென்பொருள்கள் இன்னும் ஒருபடி மேல். அவற்றுக்குச் சுவர் வெறும் கோடல்ல, உயரமும் தடிமனும் உள்ள சுவர். ஜன்னலைப் பெரிதாக்கினால் பூச்சு வேலையின் பரப்பும் தானே குறையும்.

எண்ணை நம்பும் யந்திரத்துக்கு எண்ணால்தான் ஆபத்தும். மில்லிமீட்டரில் வரைந்த தூணை, அலகு பார்க்காமல் அங்குல வரைபடத்தில் கொண்டுவந்து போட்டால் 25.4 மடங்கு ஊதிவிடும். 230 மில்லிமீட்டர் தூண் 230 அங்குலமாகி, மனையின் அகலத்தையே கிட்டத்தட்ட அடைத்துக்கொண்டு நிற்கும். அதையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். பழைய சுண்ணாம்புச் சுவர் நடுவில் இரண்டு அங்குலம் புடைத்திருப்பது நாலு மூலை அளவில் சிக்கவே சிக்காது. விவரம் தெரிந்தவர்கள் மனையின் நடுவிலும் ஓர் அகல அளவு எடுத்துக்கொண்டுதான் ஆபீஸ் திரும்புவார்கள்.