ஃபாக்ஸ் ஸ்வேட்டில் மேல்தையல்: ஊசி போட்ட ஓட்டை போகாது

ஃபாக்ஸ் ஸ்வேட்டில், அதாவது மென்மயிர்த் தோலைப் போலச் செய்த செயற்கைத் துணியில், தைத்த குஷன் உறை, கைப்பை, கோட் என்று பழுதுக்கு வருபவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் துணியில் குறை இருக்காது. மேல்தையல் (வெளியே தெரியும்படி மேற்புறத்தில் போடும் தையல்) ஓடிய வரியிலேயே கிழிந்திருக்கும். தபால்தலையைப் பிரிக்கச் சுற்றிலும் துளை போட்டிருப்பார்களே, அதே வேலையை ஊசி செய்திருக்கும். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: லெதர் ஊசி, நெருக்கமான தையல்.

“பார்க்கத் தோல் மாதிரி இருக்கு, லெதர் ஊசியே போடுங்க” என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது தோல் இல்லை. 1970-ல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய அல்ட்ராஸ்வேட், தலைமுடியைவிட மிக மெல்லிய பாலியஸ்டர் இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து, பாலியூரித்தேனால் பிணைத்த துணி. மலிவாகக் கிடைக்கும் மற்ற வகைகளில் பல, பின்னல் துணியையோ நெய்த துணியையோ உரசி மென்மயிர் எழுப்பியவை. எந்த வகையானாலும் பலம் இழையில்தான் இருக்கிறது. லெதர் ஊசியின் முனையில் வெட்டும் விளிம்பு உண்டு. அது இழையை விலக்காமல் அறுத்துக்கொண்டு இறங்கும்.

வாங்கியதும் துணியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள், குறுக்கே இழுத்துப் பாருங்கள். பின்னல் தெரிந்து துணி இழுபட்டால் ஸ்ட்ரெச் ஊசி. இழுபடாவிட்டால் மைக்ரோடெக்ஸ் போன்ற கூர்முனை ஊசி. இரண்டு அடுக்குக்கு 12 நம்பர் போதும், மடிப்பு சேர்ந்து தடிக்கும் இடத்துக்கு 14. தடித்த அலங்கார நூல் என்றால் காது பெரிதாக உள்ள டாப்ஸ்டிச் ஊசி வேண்டும். அந்த நூல் மேலே மட்டும்தான், அடிநூல் சுற்றும் பாபினுக்குச் சாதாரண பாலியஸ்டர் நூலே சரி. தையல் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர், அதாவது இன்ச்சுக்கு ஏழெட்டுத் தையல். பிளவுஸுக்கு வைத்த 2 மில்லிமீட்டரை மாற்றாமல் ஓட்டினால் துளைகள் நெருங்கி, கோடு நெடுக துணி பலம் இழக்கும்.

அடுத்து, தையல் விட்டு விட்டு விழுவது. இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிடுபவர்கள் அதிகம், ஆனால் பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ஊசி அடிவரை இறங்கி, கொஞ்சம் மேலே ஏறும்போதுதான் அதன் பின்னால் நூல் வளையம் விரியும். பாபினைச் சுற்றிவரும் கொக்கியான ஹுக்கின் முனை அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல். ஃபாக்ஸ் ஸ்வேட் அடர்த்தியான துணி, ஊசியைக் கவ்விக்கொள்ளும். ஊசி ஏறும்போது துணியும் கூடவே எழும்பினால் வளையம் விரியாது, ஹுக் வெறுமனே சுற்றிப்போகும். அதனால் முதலில் ஊசியைப் புதிதாக மாற்றுங்கள். நேர்த்தையலுக்கான சின்ன ஓட்டைத் தட்டு இருந்தால் போடுங்கள், துணி ஓட்டைக்குள் இறங்காமலும் ஊசியோடு எழும்பாமலும் நிற்கும். வேகத்தையும் குறையுங்கள். பவர் மெஷினில் முழு வேகத்தில் ஓட்டினால் ஊசி சூடேறி, பாலியஸ்டர் இழை உருகி ஊசியில் ஒட்டும், நூலும் அறும்.

துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் அழுத்தம்தான் எனக்கு இதில் மிக நுட்பமான விஷயமாகப் படுகிறது. கூடினால் மேலடுக்கு முன்னால் தள்ளிப்போகும், மென்மயிரில் தடம் விழும். ஒரேயடியாகத் தளர்த்தினால் துணி ஊசியோடு எழும்பும். இதற்கு நம்பர் சொல்ல முடியாது. அதே துணியின் துண்டில், அதே அடுக்கு வைத்துத் தைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒற்றைத் துண்டில் பார்த்துவிட்டு நான்கு அடுக்கில் இறங்காதீர்கள். துணியில் ஒட்டாமல் வழுக்கும் டெஃப்ளான் பாதமோ, மேலடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டோ இருந்தால் பாதிச் சிரமம் தீரும். இல்லாவிட்டால் பாதத்துக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய பட்டர் பேப்பர் வைத்து ஓட்டி, பிறகு கிழித்தெடுத்துவிடலாம்.

இந்தத் துணியில் மேல்தையலை அழகுக்காக மட்டும் போடுவதில்லை. பருத்தியைப் போல இஸ்திரி போட்டால் மடிப்பு படியாது, சூடு கூடினால் மென்மயிர் நசுங்கிப் பளபளப்பு ஏறிவிடும். தையலுக்கு விட்ட துணியைப் படிய வைத்துப் பிடிப்பதே மேல்தையல்தான். மெல்லிய துணி போர்த்தி, குறைந்த சூட்டில், பின்புறமாக இஸ்திரி போட்டு, விரலால் அழுத்திப் படியவைத்துவிட்டுத் தையுங்கள்.

குண்டூசி குத்தினால் அதற்கும் தடம் உண்டு. விளிம்பில், உள்ளே போகும் பகுதியில் மட்டும் கிளிப் போடுங்கள். கோட் தைக்கும்போது அதன் இரண்டு முன்பக்கத்தையும் கீழிருந்து கழுத்துவரை ஒரே திசையில் தையுங்கள். ஒன்றை ஏற்றியும் ஒன்றை இறக்கியும் தைத்தால் இரண்டும் வெவ்வேறு விதமாக இழுத்து நிற்கும். தடித்த மடிப்பில் ஏறும்போது பாதம் பின்னால் சாயும், அங்கே தையல் சுருங்கிக் குவியும். அதே உயரத்துக்கு ஒரு துண்டை மடித்துப் பாதத்தின் பின்பாதிக்கு அடியில் கொடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றித் தாண்டுங்கள்.

கோணலாகப் போய்ப் பிரிக்க நேர்ந்தால், தூரத்திலிருந்து நீராவி காட்டி மென்மையான பிரஷ்ஷால் நீவிப் பாருங்கள். சிலவகைத் துணியில் ஓட்டை ஓரளவு மறையும், மேலே பூச்சு உள்ள வகையில் மறையவே மறையாது. துணி கொண்டுவரும் வாடிக்கையாளரிடம் “பிரித்து அளவு கூட்ட முடியாது” என்பதை வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிகிற இடத்தில் ரிவர்ஸ் போடுவதும் கூடாது, அதே இடத்தில் மறுபடி குத்தித் துணி நைந்துவிடும். அரை அடி நூல் விட்டு வெட்டி, மேல்நூலைப் பின்புறம் இழுத்து, பாபின் நூலோடு இரண்டு முடிச்சுப் போட்டு, நுனியைக் கையூசியால் மடிப்புக்குள் செருகிவிடுங்கள்.