மிரட்டியவர் பெற்ற மகனே ஆனாலும்

சொத்துத் தகராறுடன் வரும் பெற்றோர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது, “பெற்ற பிள்ளை மீதே கேஸ் கொடுக்க முடியுமா, சார்?” என்பதுதான். கொடுக்கலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவு, ஒருவருடைய உடலுக்கோ நற்பெயருக்கோ சொத்துக்கோ கேடு விளைவிப்பதாகச் சொல்லி அவரைக் கலங்கடிப்பதையும், அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்யவைக்க முனைவதையும் குற்றமாக்குகிறது. மிரட்டியவர் உறவினர் என்றால் விலக்கு உண்டு என்று அதில் ஓரிடத்திலும் இல்லை.

பொதுவான மிரட்டலுக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். “கையெழுத்துப் போடாவிட்டால் கொன்றுவிடுவேன், வீட்டைக் கொளுத்திவிடுவேன்” என்ற அளவுக்குப் போனால் சிறைத்தண்டனை 7 ஆண்டுகள் வரை உயரும். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின் மீது பழி சுமத்துவேன் என்று மிரட்டுவதும் இந்தக் கடுமையான வகையையே சேர்ந்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பங்கு கேட்கும் தங்கையை வாயடைக்க அண்ணன்மார் முதலில் எடுப்பது இதைத்தான். மிரட்டலுக்கு அஞ்சி அந்தத் தங்கை விடுதலைப் பத்திரத்தில் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்) கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால், விவகாரம் 308-ஆவது பிரிவின் கீழ் அச்சுறுத்திப் பறித்தலாகவும் மாறக்கூடும்.

ஆத்திரத்தில் வந்து விழும் எல்லாச் சொல்லும் குற்றமாகிவிடாது. கலங்கடிக்கும் நோக்கமின்றி உதிர்த்த வெறும் வார்த்தைகள் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியிருக்கிறது. ஆகவே புகாரில் “மிரட்டினான்” என்று மட்டும் எழுதாமல், சொன்ன சொற்களை அப்படியே, நாள், நேரம், உடனிருந்தவர்கள் ஆகிய விவரங்களுடன் எழுத வேண்டும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணைப்படி 351(2) (பொதுவான மிரட்டல்), 351(3) (கடுமையான மிரட்டல்) ஆகிய குற்றங்களைக் காவல்துறை நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிப் புலனாய்வு செய்ய முடியாது. அதனால் பெண்களுக்கு, தாய்க்கும் சகோதரிக்கும் சேர்த்தே, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு உத்தரவு பெறுவதையே நான் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கிறேன். அந்த உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறியவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகவும் கிடைக்காது. தந்தைக்கோ தம்பிக்கோ இச்சட்டம் உதவாது. அவர்கள் 351-ஐ நாடலாம்.

வாட்ஸ்அப் குரல்பதிவு இருந்தால் அதை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடாதீர்கள். அது வந்து சேர்ந்த போனையும் பத்திரப்படுத்துங்கள். பிரதியைச் சான்றாகத் தாக்கல் செய்ய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.