மயக்கப்பொருள் கொடுத்துப் பாலியல் வன்கொடுமை: எஃப்.ஐ.ஆருக்குக் காத்திருக்காதீர்கள், முதலில் சிறுநீரை எடுக்கச் சொல்லுங்கள்

குடித்தது அரை டம்ளர் ஜூஸ். வந்த மயக்கமோ அதற்குக் கொஞ்சமும் பொருந்தாதது. நடுவில் சில மணி நேரம் நினைவிலேயே இல்லை. கண் விழித்தால் உடை கலைந்திருக்கிறது, உடம்பு வலிக்கிறது, தலைசுற்றலும் வாந்தியும் நிற்கவில்லை. இப்படி இருந்தால் மயக்கப்பொருளைச் சந்தேகியுங்கள். "என்ன நடந்ததுன்னு நல்லா ஞாபகம் வரட்டும், அப்புறம் போகலாம்" என்று வீட்டார் சொல்லும் அந்த ஒரு நாளில்தான் பாதி வழக்கு கரைந்துபோகிறது. நடந்ததைக் கண்டுபிடிப்பது புலனாய்வு அதிகாரியின் வேலை, அந்தப் பெண்ணின் வேலை இல்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்றே புரியாத அளவு போதையிலோ மயக்கத்திலோ இருந்த பெண் சொன்ன சம்மதம் சம்மதமே இல்லை. எதிர்த்துப் போராடவில்லை என்பதையும் சம்மதமாக எடுக்க முடியாது (பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்., பிரிவு 63). மது, மயக்கப்பொருளில் சேராது என்று நினைக்க வேண்டாம். அதுவும் சேரும். அவளாக விரும்பிக் குடித்திருந்தாலும் சட்டம் மாறாது.

தூக்க மாத்திரை வகைகள் சிறுநீரில் சில நாட்கள் வரை தெரியும். பானத்தில் கலக்கும் மயக்கப்பொருளான ஜி.எச்.பி. போன்றவை ரத்தத்தில் எட்டு மணி நேரமும் சிறுநீரில் பன்னிரண்டு மணி நேரமும் தாண்டுவதே அரிது. அதனால் முதல் சிறுநீருக்குத்தான் மதிப்பு அதிகம். மருத்துவமனை போகும்வரை அடக்க முடியாவிட்டால், சுத்தமான மூடியுள்ள பாட்டிலில் பிடித்து, நேரத்தை எழுதி, குளிரில் வைத்து எடுத்துப் போங்கள். துடைக்க வேண்டாம், குளிக்க வேண்டாம். அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குடித்த டம்ளரோ பாட்டிலோ கிடைத்தால் கழுவிவிடாதீர்கள். "மூணு நாள் ஆச்சே, இனிமே எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள். ரத்தம் இரண்டு நாள் வரை, சிறுநீர் 120 மணி நேரம் வரை எடுக்க வேண்டியவை.

மருத்துவமனை வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "போலீஸ் மெமோ எங்க?" மெமோ, அதாவது பரிசோதிக்கச் சொல்லும் போலீஸ் கடிதம், தேவையில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி, பெண் நேரடியாக வந்தாலும் அவள் சம்மதத்தோடு பரிசோதித்து மாதிரி எடுக்க வேண்டும். தனியார் மருத்துவமனை "இது ஜி.எச். கேஸ்" என்று கைகழுவவும் முடியாது. முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக, உடனே தர வேண்டும் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 397). மறுத்தால் ஓராண்டு வரை சிறை (பி.என்.எஸ். பிரிவு 200). பிரிவு எண்ணை வாயால் சொன்னாலே பல இடங்களில் குரல் இறங்கும். ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு) போட்டார்களா என்று பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.ஆரில் "மயக்கப்பொருள் கொடுத்ததாகச் சந்தேகம்" என்ற வரி இருக்கட்டும். இருவிரல் சோதனை என்று யாராவது தொடங்கினால் மறுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2022-லேயே அதைக் கண்டித்துவிட்டது.

அடிக்கடி நடக்கும் தவறு, பஞ்சுக்குச்சியில் சில மாதிரிகள் எடுத்ததோடு மருத்துவர் முடித்துக்கொள்வது. ரத்தமும் சிறுநீரும் கேட்டால்தான் எடுக்கிறார்கள். சிறுநீர் முடிந்தால் 100 மில்லி. ரத்தம் சாம்பல் நிற மூடியுள்ள சோடியம் ஃபுளோரைடு குழாயில். சாதாரணக் குழாயில் வைத்தால் நாள்பட மதுவின் அளவே மாறிவிடும். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. பதற்றமாக இருக்கிறாள் என்று மயக்க ஊசி போடுவதானால் அதற்கு முன்பே மாதிரி எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் "அது மருத்துவமனை போட்ட மருந்து" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அவள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளையும் எழுதச் சொல்லுங்கள். வார்டில் உடனடிச் சோதனை ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்து "நெகட்டிவ்" என்றால் நம்பி விட்டுவிடாதீர்கள். அந்த ஸ்ட்ரிப்பில் ஜி.எச்.பி., கெட்டமைன் போன்றவை பொதுவாகத் தெரியாது. தடய அறிவியல் ஆய்வகச் சோதனைதான் கணக்கு. அங்கேயும் எதுவும் கிடைக்காவிட்டால், மருந்து கொடுக்கவே இல்லை என்று பொருளல்ல, மாதிரி தாமதமாகியிருக்கலாம்.

ஆய்வகத்துக்குப் போகும் கோரிக்கைக் கடிதத்தில் விந்தணுவைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் ஆய்வகம் அதற்கு மட்டுமே பதில் எழுதும். மயக்கப்பொருளும் மதுவும் கேட்கப்பட்டிருக்கிறதா என்று புலனாய்வு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். மாதிரி ஃப்ரிட்ஜ் இல்லாத ஸ்டேஷன் அலமாரியில் வாரக்கணக்கில் கிடக்கவும் கூடும். எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

காவல் நிலையத்தில் கையில் திணிக்கப்படுவது, புகாரை வாங்கினோம் என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். ஆகாது, அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். "எங்க லிமிட் இல்ல, மகளிர் ஸ்டேஷன் போங்க" என்பதும் செல்லாது. எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 173), பெண் அதிகாரிதான் வாக்குமூலத்தைப் பதிய வேண்டும், நகல் இலவசம். "முதல்ல விசாரிக்கிறோம்" என்பார்கள். அந்த 14 நாள் பூர்வாங்க விசாரணை, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கானது, வன்புணர்வுக்கு இல்லை. எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். பிரிவு 123, அதாவது மயக்கப்பொருள் கொடுத்தல், சேர்ந்திருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். அது விடுபட்டால் மருந்தைத் தேடும் விசாரணையும் விடுபடும். பதிய மறுத்தால் புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மறுத்த அதிகாரிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு (பி.என்.எஸ். பிரிவு 199).

விடுதி, கடை, தெருவிலுள்ள சிசிடிவி பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதைக் கைப்பற்றச் சொல்லி முதல் நாளே எழுதிக் கொடுங்கள். நாட்கள் கடந்துவிட்டால் தலைமுடி மிச்சம்: ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, உச்சந்தலையின் பின்பக்கத்தில் தோலை ஒட்டி வெட்டி அனுப்பலாம். அதுவரை முடிக்குச் சாயம் பூசவோ குட்டையாக வெட்டவோ வேண்டாம்.

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் (தொலைபேசி 15100) மனு கொடுக்கலாம். "தீர்ப்பு வரட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள், போய்விடாதீர்கள். இடைக்கால இழப்பீடு தீர்ப்புக்கு முன்பே கேட்கக்கூடியது. குற்றவாளி பிடிபடாவிட்டாலும் மனு செல்லும். எஃப்.ஐ.ஆர். நகலையும் ஏ.ஆர். எண்ணையும் இணைத்து, மனுவின் இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.