கண்மாய் மீனில் சேரும் பூச்சிமருந்து

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துகள் இறங்கும் காலத்தில் எங்களுக்கு அவசர அழைப்புகள் வரும். வாயில் நுரை, கால் இழுக்கிறது, கழுத்து தொங்குகிறது என்பார்கள். குருணைப் பூச்சிமருந்து போட்ட வயலில் மேய்ந்திருக்கும். சீக்கிரம் போனால் நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டுச் சிலவற்றையாவது காப்பாற்றிவிடலாம். கால்நடை மருத்துவராக இதைவிட எனக்குக் கவலை தருவது, எந்த நோவும் காட்டாமல் கண்மாயில் நீந்திக்கொண்டிருக்கும் மீன்தான்.

மீன் செத்து மிதந்தால் ஊரே கரையில் கூடிவிடும். கோடையில் விடியற்காலை மிதப்பவற்றில் பல, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து செத்தவை. மருந்தால் சாவதும் உண்டு. ஆனால் டி.டி.டி., பி.எச்.சி., எண்டோசல்பான் போன்ற பூச்சிமருந்துகள் கொல்லாத அளவில் வந்தாலும் உடம்பில் தங்கிவிடும். இவை தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பில் கரையும். மழையோடு வரத்துக்கால் வழியே வந்து கண்மாய்ச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். சேற்றுப் புழுவைக் கெண்டை தின்னும். கெண்டைக் குஞ்சை விராலும் நீர்க்காகமும் தின்னும். சீக்கிரம் சிதைந்து வெளியேறாததால், தின்னத் தின்ன அளவு ஏறிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஏறும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள கிளியர் லேக் ஏரியே சாட்சி. கொசு மாதிரியான ஒரு பூச்சியை ஒழிக்க அங்கே 1949, 1954, 1957 ஆண்டுகளில் டி.டி.டி.யின் நெருங்கிய சொந்தமான ஒரு மருந்தைக் கலந்தார்கள். தண்ணீரில் அதன் அளவு அதிகபட்சம் ஐந்து கோடியில் ஒரு பங்குதான். பிறகு முக்குளிப்பான்கள் செத்து விழுந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு இருந்தது, அதாவது தண்ணீரில் இருந்ததைப் போல 80,000 மடங்கு. நம் கண்மாய்களில் முங்கி எழும் முக்குளிப்பானும் அந்தக் குடும்பம்தான்.

இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-இல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி. 1997-இல் நின்றது. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் தடுத்தது. தடை வந்தாலும் சேற்றில் படிந்தது பல வருடம் கிடக்கும்.

மதுரைக்காரர்களுக்கு அயிரை மீன் குழம்பு என்றால் உயிர். உயிர் அயிரையைத் தேங்காய்ப்பாலில் விட்டால் சேற்றைக் கக்கிவிடும் என்பது நம் வீடுகளில் பழக்கம். சரி, சேறு போகும். கொழுப்பில் ஏறியது போகாது. அயிரை சின்ன மீன், ஆயுளும் குறைவு, அதனால் பெரிய விராலில் சேருகிற அளவுக்குச் சேர வாய்ப்பில்லை. ஆனால் சேற்றிலேயே கிடப்பது, குடலோடு முழுசாகச் சாப்பிடுவது. சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கண்மாயில் பிடித்தது என்று கேட்டு வாங்குங்கள். பெரிய மீனில் குடல், வயிற்றுக் கொழுப்பு, தோல் மூன்றையும் எடுத்துவிட்டால் கொழுப்பில் சேர்ந்ததில் ஒரு பகுதி குறையும். மீனில் சேரும் பாதரசத்துக்கு இது உதவாது, அது சதையில் இருக்கிறது. ஆலைக் கழிவில் வரும் காட்மியம் என்ற உலோகம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும்.

விவசாயிகளிடம் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறம், பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்று சோதித்துக் கொடுத்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசை. பச்சையோ நீலமோ இருந்தால் மீனுக்குப் பாதகமில்லை என்று அர்த்தம் கிடையாது. சைபர்மெத்ரின் வகை மருந்துகள் நம்மைவிட மீனைத்தான் பல மடங்கு தாக்கும். ஆகவே ஸ்பிரேயர் டேங்கை மடையிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை மருந்தடித்த வயலுக்குள்ளேயே தெளித்துவிடுங்கள். மழை வரும்போல இருந்தால் அன்றைக்கு அடிக்காதீர்கள்.

கண்மாயில் கொக்கோ நீர்க்காகமோ காயமில்லாமல் செத்துக் கிடந்தால் புதைத்துவிட வேண்டாம், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். மீனோ வாத்தோ என்றால் கையுறை போட்டு எடுத்து, அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃபார்மலின் ஊற்றிவிடாதீர்கள், உடம்பில் மிஞ்சிய மருந்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடும். அப்புறம், பக்கத்து வயல்களில் என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு, டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வாருங்கள். ஆய்வகத்தில் எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று நாங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் போட்டோ இல்லாவிட்டால் எதை எழுதுவது என்றே எங்களுக்குத் தெரியாது.