இலத்தீன் எண்கள்: மூன்று வரை மாறும், நான்கில் உறையும்

இலத்தீனில் முதல் மூன்று எண்கள், பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லின் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப உருமாறும். 'ஒன்று' ஆண்பாலில் ஊனுஸ், பெண்பாலில் ஊனா, நடுப்பாலில் ஊனும். 'இரண்டு' முறையே துவோ, துவாய், துவோ. இந்தத் துவோவின் ஈறு பழைய இருமை விகுதியின் (ஒருமை, பன்மை போல இரண்டுக்கென்றே இருந்த விகுதி) எச்சம். அது தெளிவாகத் தெரியும் இன்னொரு சொல், 'இருவரும்' என்ற பொருள் தரும் ஆம்போ. 'மூன்று' த்ரேஸ் அல்லது த்ரியா. நான்கு (க்வாத்துவோர்) முதல் நூறு (கெந்தும்) வரை உருமாற்றமே இல்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு போன்றவற்றில் கடைசியில் வரும் 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' மட்டும் மாறும். இருநூறிலிருந்து தொள்ளாயிரம் வரை மறுபடியும் மாற்றம்: துகெந்தீ, துகெந்தாய், துகெந்தா.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது ஆயிரத்தில்தான். 'ஆயிரம் வீரர்கள்' என்பது மீல்லே மீலிதேஸ். இங்கே மீல்லே வெறும் பெயரடை. 'இரண்டாயிரம் வீரர்கள்' என்றாலோ துவோ மீலியா மீலிதும், அதாவது 'வீரர்களின் இரண்டு ஆயிரங்கள்'. பன்மையில் மீலியா முழுப் பெயர்ச்சொல்லாகிவிடுவதால், எண்ணப்படும் பொருள் ஆறாம் வேற்றுமைக்குப் போகிறது. துவோ மீலியா மீலிதேஸ் என்று எழுதினால் பிழை. நாம் சொல்லும் மைலும் இந்த மீலியாவின் வழிவந்ததே: ரோமானிய மைல் ஆயிரம் இரட்டைக் காலடிகள், ஏறத்தாழ 1,480 மீட்டர்.

பதினெட்டும் பத்தொன்பதும் கழித்தல் கணக்கு: துவோதேவீகிந்தி 'இருபதில் இரண்டு குறைவு', ஊந்தேவீகிந்தி 'இருபதில் ஒன்று குறைவு'. காஸ்த்ரா (படைமுகாம்) போன்ற, பன்மையில் மட்டுமே வழங்கும் சொற்களுக்குத் தனி எண்வரிசை வேண்டும். இரண்டு முகாம்கள் பீனா காஸ்த்ரா; துவோ அங்கே பொருந்தாது.

இந்த எண்களில் பெரும்பாலானவை இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து, அதாவது இலத்தீனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான பழைய தாய்மொழியிலிருந்து, வந்தவை. மூலத்தின் ஒரு ககர ஒலி இலத்தீனில் அப்படியே நின்று கெந்தும் ஆனது; சமஸ்கிருதத்தில் சகரமாகி சதம் ஆனது. கிரிக்கெட் வர்ணனையில் காதில் விழும் 'சதம்', 'செஞ்சுரி' இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆனால் எல்லாமே ஒலி விதிப்படி நேராக வந்துவிடவில்லை. சமஸ்கிருதத்தில் 'பஞ்ச' என்று பகரத்தில் தொடங்கும் ஐந்து, இலத்தீனில் க்வீன்க்வே. சொல்லின் பின்பாதியில் இருந்த 'க்வ' ஒலி முன்னாலிருந்த பகரத்தையும் தன்னைப் போலவே மாற்றிவிட்டது. ஒன்பது இன்னும் சுவையானது. அதன் ஈறு னகரமாக இருந்திருக்க வேண்டும். ஏழும் (செப்தெம்) பத்தும் (தெகெம்) மகரத்தில் முடிவதால் அதுவும் அவற்றைப் பார்த்து நோவெம் ஆகிவிட்டது. பழைய னகரம் 'ஒன்பதாவது' என்னும் நோனுஸில் இன்னும் இருக்கிறது.