ஹோரே ஏடு: தமிழ்ல எப்படி சொல்லலாம்?

பழைய புத்தக ஏலத்துல ‘ஹோரே லீஃப்’னு போட்டு ஒத்த ஒத்த தாளா விக்கிறாங்களே, அது என்னன்னு நிறைய பேர் கேக்குறீங்க. ஹோரேங்கறது லத்தீன், ‘வேளைகள்’னு அர்த்தம். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு ராத்திரி படுக்கற வரைக்கும் கத்தோலிக்கர்களோட எட்டு வேளை செபம், அதை சாமியாருங்க மட்டும் இல்லாம குடும்பஸ்தங்களும் வீட்ல சொல்லட்டும்னு சுருக்கிக் குடுத்த புத்தகம். ரொம்ப காலம் கையால எழுதிட்டிருந்தாங்க, 1480கள்ல பாரிஸ்ல அச்சுக்கு வந்துச்சு.

வேர்ச்சொல் கிரேக்க ‘ஹோரா’. அதே ஹோரா தான் ஜோதிடத்தோட சேர்ந்து சமஸ்கிருதத்துக்குள்ள வந்து, நம்ம பஞ்சாங்கத்துல சுக்கிர ஓரை, குரு ஓரைன்னு இன்னிக்கும் இருக்கு! (சங்கப் பாட்டுல வர்ற ஓரை வேற, அது பொண்ணுங்க விளையாட்டு.) அதனால ‘புக் ஆஃப் அவர்ஸ்’ங்கற இங்கிலீஷ் பேரை அப்படியே ‘மணிகளின் புத்தகம்’னு சொல்றதை விட ‘ஓரை நூல்’ தான் எனக்கு சரியா படுது. திருப்புகழ்மாலைன்னு சொல்றதும் பொருந்தாது, அது திருச்சபையோட முழு வேளைச் செபம், இது வீட்டுக்கான சின்ன வடிவம்.

லீஃபுக்கு பக்கம்னு போடாதீங்க, ஒரு லீஃப்ல ரெண்டு பக்கம் இருக்கு. ‘ஏடு’ இருக்கே நமக்கு, பனையோலைக்கு சொன்ன அதே சொல்லு.

1498ல பாரிஸ் அச்சுக்காரர் பிகூஷே, பதிப்பாளர் சிமோன் வோஸ்த்ருக்காக அச்சடிச்ச ஓரை நூல்ல ஒரு ஏட்டை உத்துப் பாருங்க, நாலு ஓரத்துலயும் புனிதர்கள், வேட்டை, விலங்கு, கொடின்னு ஓடும், படத்தோட பின்னணி கறுப்பு, அதுல பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி. உலோகத் தகட்டுல குத்துன குழியில மை ஏறாது, அதான் அந்த இடம் வெள்ளையா நிக்குது. இதுக்கு பிரெஞ்சுல ‘க்ரிப்ளே’ன்னு பேர், சல்லடைங்கற சொல்லுல இருந்து வந்தது, நாம ‘சல்லடைப் புள்ளி’ன்னே சொல்லலாம். தோல்ல அச்சடிச்ச பிரதின்னா முதலெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, அப்புறம் கையால சிவப்பு, நீலம், தங்கம் பூசியிருப்பாங்க.

ஒரு வருத்தம், ஏடு ஏடா பிரிச்சு வித்தா பல நூல்கள்ல முன்னாடி இருக்கற, வருஷவாரியா ஈஸ்டர் தேதி போட்ட அட்டவணை தனியா போயிடுது, புத்தகம் எந்தக் காலம்னு கண்டுபிடிக்க பல நேரம் அது தான் முதல் துப்பு.